நீலம் கொஞ்சம் ஆடுது

ஒரு கல்லூரியின் ஆலோசனை அறையில் சில நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மாணவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் போனதும் நாற்காலிகள் தங்கள் கூட்டத்தை ஆரம்பிக்கும். பார்த்துப் பார்த்துப் பழகியதுதானே!

ஒரு மாலை கைப்பிடி வைத்த நாற்காலி சொன்னது: "தப்பா எடுத்துக்காதே நீலம், நீ கொஞ்சம் ஆடுறே."

"என் நாலு காலும் சரியாத்தானே இருக்கு?" என்றது நீல நாற்காலி.

"பாத்தீங்களா, சொன்னா கோவம் வருது," என்று மற்றவை வருத்தப்பட்டன.

மறுநாள் நீலத்தில் உட்கார்ந்த பெண் 'டக்'கென்று ஒரு பக்கம் சாய்ந்தாள். பியூன் வந்து நாற்காலியைத் தூக்கிக் கட்டடத்தின் பின்பக்கம் போட்டார். வட்டம் நெருங்கி நின்றது. அன்றைய கூட்டம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. மறுபடியும் யாரோ ஆடுவதுபோல் இருந்தது. பச்சை போனது. சிவப்பு போனது. கடைசியில் கைப்பிடி நாற்காலி மட்டும் மிஞ்சியது.

வெறும் அறை. ஆனாலும் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. கைப்பிடி நாற்காலி தன் கால்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தது.

வெளியே, சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில், தூக்கிப் போட்ட நாற்காலிகள் எல்லாம் வட்டமாக நின்றிருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை. நடுவில் ஒரு நாற்காலிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தன.

"வா, வா," என்றது நீலம், ரொம்பக் கனிவாக. "தப்பா எடுத்துக்காதே. உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்."