பத்துக்கு ஒன்பது

"வயர்னா வயர்தான் மாமா. இதுல வெள்ளி என்ன, வெங்காயம் என்ன!"

மைத்துனன் அந்தப் புதுக் கேபிளைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். லேத் பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"கீழ வைடா! அது ஆக்ஸிஜன் நீக்கின செம்பு. மேல வெள்ளி முலாம். உள்ள ரெண்டு கம்பியையும் ஏன் முறுக்கி வெச்சிருக்கான் தெரியுமா? வெளியிலேர்ந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே அளவு ஏறி, ஒன்னை ஒன்னு அடிச்சுட்டுப் போயிடும். மிச்சம் மீதி இருந்தா மேல இருக்கற கம்பி வலை தடுத்துடும்."

"அரை கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்தா நீங்க சொல்றது நியாயம். ரெண்டு முழ வயர்ல எந்த இரைச்சல் வந்து ஏறப் போகுது? தினம் நாலு வீட்டுக்கு வயர் இழுக்கறவன் சொல்றேன், கேளுங்க."

மைத்துனன் எலக்ட்ரீசியன். பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், மூன்று மாதமாக ஹாலில் பாயை விரித்தவன் விரித்தவன்தான். இப்போது அவன் கண் இந்தச் சின்ன அறையின் மேல் விழுந்திருந்தது. உள்ளே ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க இரும்பைக் கடைந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு உலகத்தில் தனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். ஒரு மணி நேரமாவது அங்கே உட்காராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பந்தயம் வெச்சுக்கலாமா மாமா? கண்ணைக் கட்டிக்குங்க. பத்து தடவை பாட்டு ஓடட்டும். ஓடறது உங்க வெள்ளி வயரா, டிவி பெட்டியோட சும்மா வந்த ஓசி வயரான்னு சொல்லுங்க. எட்டு சரியாச் சொல்லிட்டா இன்னிக்கே நான் வேற ரூம் பாத்துக்கிட்டுக் கிளம்பறேன். சொல்லலேன்னா இந்தச் சாமானெல்லாம் பரண்ல, நான் இந்த ரூம்ல!"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனாலும் பட்டறைக்காரர் வீராப்பாக, "சரிடா!" என்றார். "ஆனா வயரை நீ மாத்தக் கூடாது. கள்ளாட்டம் ஆடுவே."

"அக்கா மாத்தட்டும். நானும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கறேன். நான் பாத்தேன்னா என் பெருமூச்சை வெச்சே கண்டுபிடிச்சிடுவீங்க."

அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெற்ற மகளுக்கே அரை மார்க் கூடுதலாகப் போடாதவள் என்று பெயரெடுத்தவள். அவள் தீர்ப்பு என்றால் இரண்டு பேருக்கும் மறுபேச்சு கிடையாது.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பேனாவும் தாளுமாக ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். "இந்த மனுஷனுக்கும் வயரைக் கட்டிக்கிட்டு அழறதே பொழைப்பாப் போச்சு. நீயே ஜெயிடா தம்பி."

"கட்டிலை இந்தப் பக்கம் போடலாம்க்கா," என்று ஜன்னலோரம் நின்றவன் இப்போதே அறையை அளந்தான்.

பட்டறைக்காரர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வயரைப் பிடுங்கும் சத்தம், செருகும் சத்தம். பாட்டு ஓடியது.

"வெள்ளி! வயலின் வாசிக்கறவர் மூச்சு விடறதுகூடக் கேக்குது."

மறுபடி பிடுங்கல், செருகல்.

"இது ஓசி. பாட்டுக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு."

மூன்றாவது, நான்காவது என்று தைரியமாகத்தான் சொல்லிக்கொண்டு போனார். ஏழாவதில் திணறினார். நெற்றி வியர்த்துத் துண்டு நனைந்தது. போனால் அறையே போய்விடும்.

"இன்னொரு தடவை போடேன்."

"பரீட்சையில ரெண்டாவது தடவை எல்லாம் கிடையாது. பதிலைச் சொல்லுங்க."

"ஓசி... இல்ல இல்ல, வெள்ளி!"

பத்தும் முடிந்தது. டீச்சர் தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"பத்துக்கு ஒன்பது. ஏழாவது மட்டும் தப்பு."

மைத்துனன் தாளைப் பிடுங்கினான். ஒரு பக்கம் மாட்டிய வயர், மறுபக்கம் மாமா சொன்ன பதில். விரல் வைத்து இரண்டு தடவை ஒப்பிட்டான். முகம் தொங்கிப் போயிற்று.

"பட்டறைச் சத்தத்துல உங்களுக்குப் பாதிக் காது போயிருக்கும்னு நெனச்சுட்டேன் மாமா. மன்னிச்சுக்குங்க."

சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டான். கூட வேலை செய்கிறவனின் அறையில் இடம் இருந்ததாம். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவே போகணுமாடா? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

"வாக்குன்னா வாக்குதான்க்கா."

தெருமுனை வரை போய் அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். வீட்டில் பட்டறைக்காரர் காலை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அறை பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, இன்னொன்று அவரை அரித்தது.

"அந்த ஏழாவதுதான் எனக்குப் புரியல. என் காது தப்பு பண்ணாதே. நீதான் வயரை மாத்தி மாட்டிட்டியோ?"

டீச்சர் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"பத்துக்குப் பத்துன்னா அவன் நம்ப மாட்டானேன்னு ஒன்னைத் தப்பாப் போட்டேங்க. கூடப் பொறந்தவனைக் கிளம்புடான்னு நான் வாயால சொல்ல முடியுமா? நீங்க சொல்லச் சொல்லத்தான் ரெண்டு பக்கமும் எழுதினேன். பத்து தடவையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினது அந்த ஓசி வயரைத்தான்!"