பரிந்துரைப்பவர் கையெழுத்து

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'திருமணம் நடத்தி வைக்கத் தகுதியானவர்' என்று ஒன்று. 'மேலும் ஓராண்டு பயிற்சி தேவை' என்று இன்னொன்று.

எதில் குறி போடுவது என்பது, சபையின் சார்பில் பரிந்துரைக்க வந்திருந்த பெரிய போதகர் கையில் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் பதிவு அதிகாரி. இந்தப் பக்கம், அடுத்த நாற்காலியில், அவர் மனைவியின் தம்பி. சபையில் அவனைச் சின்ன போதகர் என்பார்கள்.

அதிகாரி அவனைச் சோதித்துக்கொண்டிருந்தார். சாட்சிகள் எத்தனை பேர், அறிவிப்பை எத்தனை நாள் ஒட்டி வைக்க வேண்டும், சடங்கின்போது வாசல் கதவைச் சாத்தலாமா.

எல்லாவற்றுக்கும் பெரியவரின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. சட்டப் புத்தகத்தை அட்டை கிழியக் கிழியப் படித்தவர் அவர்.

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சபைக்கு அவர்தான் போதகர். ஆனால் அவர் ஆசீர்வதித்த ஜோடிகள் மறுநாளே பஸ் ஏறி இந்த அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். ஆசீர்வாதம் அங்கே, கல்யாணம் இங்கே என்று இளவட்டங்கள் சிரிப்பதுண்டு. அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். உள்ளே வலிக்கும்.

அவருக்கு முன்னால் அவர் அப்பா போதகராக இருந்த காலத்தில் இந்த அலைச்சல் இல்லை. அவர் ஜெபித்துக் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. அந்த உரிமை அவரோடு போயிற்று.

சென்ற வருடம்தான் சபை அரசாங்கப் பட்டியலில் ஏறியது. சபைக்கு ஒருவருக்குத்தான் உரிமம் என்றார்கள். யாரை அனுப்புவது என்று போன மாதக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது, சின்னவனுக்காக முதலில் எழுந்த கை அவர் மனைவியுடையது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். தம்பி என்றதும் ஆடிவிட்டது. கட்டின புருஷன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அது இன்னும் எரிந்தது.

"பதிவேட்டு நகலை எத்தனை நாளுக்குள்ள அனுப்பணும்?" என்றார் அதிகாரி.

சின்னவன் தடுமாறினான். திரும்பி அவரைப் பார்த்தான். சின்னப் பையனாக இருந்தபோது வேதவசனம் மறந்தால் பார்ப்பானே, அதே பார்வை.

பத்து நாள். விரலை விரித்துக் காட்டினால் போதும். பெரியவர் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பத்து நாள்," என்றான் சின்னவன், கொஞ்சம் பொறுத்து.

அதிகாரி தலையசைத்துவிட்டுப் படிவத்தைப் பெரியவர் பக்கம் தள்ளினார்.

தடுமாறினான் அல்லவா? தடுமாறுகிறவனுக்குப் பயிற்சி வேண்டும்தானே? இதில் பொய் எங்கே இருக்கிறது? மனசாட்சிக்கு இவ்வளவு சொன்னதும் அது வாயை மூடிக்கொண்டது.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார். கீழே கையெழுத்திட்டார்.

அதிகாரி அதைச் சத்தமாக வாசித்து, முத்திரை குத்தினார். அடுத்த விண்ணப்பம் ஓராண்டு கழித்துத்தான்.

சின்னவனின் முகம் விழுந்தது. முப்பது நாளாக எரிந்த வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது பெரியவருக்கு.

அவன் தன் கோப்பைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான்.

"அப்ப இதை இன்னிக்குக் கொடுக்க முடியாதுங்களா, சார்?"

அதிகாரி வாங்கிப் பிரித்தார். நிரப்பிய திருமண அறிவிப்பு. அவன் நடத்தி வைக்க இருந்த முதல் கல்யாணம். படித்துவிட்டு நிமிர்ந்து, பெரியவரை ஒரு மாதிரி பார்த்து, தாளை அவர் முன்னால் திருப்பி வைத்தார்.

மணமகள் என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயர் இருந்தது. அவளுடைய கையெழுத்து, அவளுடைய குண்டு எழுத்து. மணமகன் என்ற இடத்தில் அவர் பெயர்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"அக்கா போன வருஷம் பாஸ்போர்ட்டுக்காக கல்யாணச் சான்று கேட்டு இங்க வந்தாங்க, அத்தான்," என்றான் சின்னவன், மெதுவாக. "உங்க கல்யாணம் பதிவுலயே இல்லையாம். அதை நடத்தி வச்ச உங்க அப்பாவுக்கு உரிமம்னு ஒண்ணு கொடுத்ததே இல்லையாம்."

பெரியவர் படிவத்தில் தான் போட்ட குறியைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொன்னா அப்பாவை நினைச்சு உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல. உரிமம் உங்களுக்கே வந்தாலும், சொந்தக் கல்யாணத்தை நீங்களே நடத்த முடியாதாம். இந்த ஆபீஸ் ஜன்னல்ல நின்னு கையெழுத்துப் போட மாட்டேன், நம்ம சபையில வச்சுத்தான் நடக்கணும்னாங்க. அதான் என்னைப் போகச் சொன்னாங்க."

தாளை மறுபடி நான்காக மடித்துக் கோப்பில் வைத்தான். எழுந்து, பெரியவர் எழுவதற்கு வசதியாக நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டான்.

"பரவாயில்ல அத்தான். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு வருஷம்தானே."