அரிசோனா போகும் கார்

"இந்தத் தடவையாவது உறுமுமா, இல்ல வழக்கம்போல தொண்டையைக் கனைச்சிட்டுப் படுத்துக்குமா?"

பக்கத்து வீட்டு ஆர்னி, டுவேன் வீட்டு வாசல் புல்தரையில் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டே கேட்டான். ஒரு கையில் பீர். இன்னொரு கையில் தீயணைக்கும் சிவப்பு உருளை. பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும்போது அது பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிப் பேர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

"உறுமும்டா. உறுமினா அப்புறம் நிறுத்த மாட்டேன். நேரா அரிசோனாதான்" என்றான் டுவேன், துணியில் கையைத் துடைத்தபடி.

ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை அது. மத்தியானம் ஊரிலுள்ள பழைய கார்களெல்லாம் கடைத்தெருவில் ஊர்வலம் போகும். டுவேனின் போன்டியாக் மட்டும் ஒரு வருடமும் போனதில்லை. துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி வந்தான். கராஜில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி, தேய்த்து, பற்றவைத்து, சாயம் அடித்து, முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஆக்கிவிட்டான். எழுபதாம் வருடத்து வண்டி, எட்டு சிலிண்டர். எல்லாம் சரிதான். சாவியைத் திருகினால் மட்டும் எஞ்சின் சும்மா சுற்றும், பற்றிக்கொள்ளாது.

"கார்புரேட்டர் மாத்தினியா?" என்றான் ஆர்னி.

"மாத்தியாச்சு."

"வயரிங்?"

"அதுவும் புதுசு."

"அப்ப உன் மூஞ்சிதான் அதுக்குப் பிடிக்கல."

வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான்.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அவன் மனைவி லோரெய்ன் வந்தாள். வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"டுவேன், நாளைக்கு மத்தியானம் கார்லாவும் அவ புருஷனும் சாப்பிட வராங்க. கூப்பிட்டுட்டேன்."

டுவேனின் கை அப்படியே நின்றது.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டே?"

"யாரையும் கேக்கல. அவ என் பொண்ணு."

"அந்தப் பய என் வாசல்ல கால் வெச்சா நான் இங்க இருக்க மாட்டேன். வண்டி கிளம்பின நிமிஷம் நான் போயாச்சு. சொல்லிட்டேன்."

அந்த வீட்டில் இது புதுப் பேச்சு அல்ல. பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று லோரெய்ன் சந்தோஷமாக வந்து நின்றபோது இதைத்தான் சொன்னான். தங்கையோடு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றபோதும் இதேதான். டுவேனுக்குப் பிடிக்காதவனை மகள் கட்டிக்கொண்ட அன்று, லோரெய்ன் கோட்டு போட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். "தாராளமா போயிட்டு வா. அதுக்குள்ள வண்டியைக் கிளப்பிடுவேன். நீ திரும்பி வர்றப்ப கராஜ் காலியா இருக்கும்" என்றான். அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அம்மா இல்லாமலேயே கார்லா மோதிரம் மாற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து டுவேனுக்கு அந்த வார்த்தைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. கத்த வேண்டாம், கையை ஓங்க வேண்டாம். கராஜ் பக்கம் கண்ணைக் காட்டினால் போதும்.

இன்றும் காட்டினான்.

"உள்ள போய் அவங்களுக்கு ஃபோன் பண்ணு. வர வேண்டாம்னு சொல்லு."

லோரெய்ன் அசையவில்லை.

"வண்டி கிளம்பினா நிஜமாவே போயிடுவியா?"

"போயிடுவேன்."

"எல்லார் முன்னாலயும் சொல்றே."

"ஊரையே கூட்டிவெச்சுச் சொல்றேன். போதுமா?"

"ஆர்னி, நீ சாட்சி."

"அம்மா தாயே, நான் பீர் குடிக்க வந்தவன். என்னை ஏன் இழுக்கறே?" என்று ஆர்னி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

டுவேன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவன் முகத்தில் துளி பதற்றம் இல்லை. மனைவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினான்.

வண்டி உறுமியது.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டு நாய் படிக்கட்டுக்கு அடியில் ஓடிப் புகுந்தது. ஆர்னி பீரைக் கொட்டிக்கொண்டு எழுந்து குதித்தான். "கிளம்பிடுச்சுடா! அடேய் அரிசோனாக்காரா, கிளம்பிடுச்சுடா!" தெரு முழுக்கக் கைதட்டல்.

டுவேன் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெளுத்துப் போயிருந்தான். அரிசோனாவில் அவனுக்கு ஒரு ஆளையும் தெரியாது.

வண்டியின் மறுபக்கக் கதவு திறந்தது. லோரெய்ன் ஒரு பெட்டியைத் தூக்கிச் சீட்டில் வைத்தாள். "உன் சட்டையெல்லாம் இருக்கு. பிரஷர் மாத்திரையும் வெச்சிருக்கேன்."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எட்டு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்பு ரோட்டர், ஒவ்வொரு தடவையும் போல இன்று விடிகாலையிலும் எஞ்சினிலிருந்து அவனே கழற்றி ஒளித்துவைத்தது, பைக்குள் பத்திரமாக இருந்தது. அது இல்லாமல் எஞ்சின் பற்றவே பற்றாது.

லோரெய்ன் அவன் காதருகே குனிந்தாள்.

"போன மாசம் துணி துவைக்கறப்ப உன் பையில கிடைச்சுது, கடையில கொண்டுபோய்க் காட்டினேன். புதுசு பத்து டாலர்தானாம் டுவேன், வாங்கிட்டு வந்து இன்னைக்கு நீ கழட்டினப்புறம் நானே மாட்டிட்டேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருப்பேன்."