நெவிலின் கணுக்கால்

ஓட்டெடுப்பு மணி அடிக்க ஆரம்பித்தபோது, எதிர்க்கட்சி எம்.பி. நோரீன் பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

கான்பெராவின் மூடுபனி விமானத்தை எழும்பவிடவில்லை. ஹோபார்ட்டில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். இனி மாலைதான் போக முடியும்.

மணி நான்கு நிமிடம் அடிக்கும். பிறகு அவைக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

ஆனாலும் அவள் நேராக அவைக்குப் போகவில்லை. நெவிலைத் தேடிப் போனாள்.

ஒரு கட்சிக்காரர் அவசரமாக ஊருக்குப் போனால், மறு கட்சியில் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். அதற்கு ஜோடி என்று பெயர். நோரீனுக்கு ஜோடி கொடுக்க ஆளுங்கட்சியில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, கை தூக்கியவன் நெவில்.

அவளால் நம்பவே முடியவில்லை. 'ஒரு படகுகூட வராது' என்று தொகுதி முழுக்கப் போஸ்டர் ஒட்டி ஜெயித்தவன் அவன். தீவு முகாமில் நோயோடு கிடக்கும் அகதிகளைச் சிகிச்சைக்கு இங்கே கொண்டுவர, இன்று ஓட்டுக்கு வரும் மசோதாவைப் பேச்சுக்குப் பேச்சு நார் நாராகக் கிழித்தவன். ஆள் கடத்துகிறவர்களுக்கு நோரீன் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாள் என்று நேற்றுக்கூடக் கத்தினான்.

அவளும் சளைத்தவள் இல்லை. கல்நெஞ்சக்காரன் என்றாள்.

அதை மனதாரத்தான் சொன்னாள். இரு கட்சியாரும் சேர்ந்து முகாமைப் பார்க்கப் போயிருந்தபோது, கழுத்தில் கட்டியோடு ஒரு பெண் தன் கதையைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நெவில் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

இருந்தாலும் கொடுத்த சொல் ஒன்று இருக்கிறதே. இரண்டு பேரும் உள்ளே போனால் ஓட்டு சரிசமம். சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டு மசோதாவைக் கவிழ்த்துவிடுவார். அது தெரிந்தும், காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனிடம் போய்ச் சொன்னாள்.

“நான் ஊருக்குப் போகலை நெவில். ஜோடி கிடையாது. வாங்க, கதவைச் சாத்திடப் போறாங்க.”

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு இருவரும் ஓடினார்கள்.

நடைபாதை திரும்பும் இடத்தில் நெவில் சறுக்கி விழுந்தான். வலது கணுக்காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

“என்ன, தூக்கிட்டுப் போகப் போறியா அம்மணி? போய்த் தொலை!”

அவள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் கதவு பூட்டப்பட்டது.

ஒரே ஒரு ஓட்டில் மசோதா நிறைவேறியது.

கட்சிக்காரர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கழுத்தில் கட்டியோடு இருந்த பெண்ணை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. விழுந்தவனை விட்டுவிட்டு வந்ததும் உறுத்தியது.

வெளியே கேமராக்களுக்கு நடுவே நெவில் முழங்கிக்கொண்டிருந்தான். இனி படகு படகாக வந்து இறங்குவார்கள், பாருங்கள் என்றான். ஆளுங்கட்சிக் கொறடா கடுகடுத்த முகத்தோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். தோற்றதற்கு யாரையாவது பலி கொடுக்காமல் அவர் ஓயமாட்டார்.

நெவில் நொண்டியபடியே அடுத்த மைக்குக்கு நகர்ந்தான்.

நோரீன் நின்றுவிட்டாள்.

யாரோ ஐஸ் கட்டிவிட்டிருந்த வலது காலை அவன் அழுத்தமாக ஊன்றி நடந்தான். நொண்டியது இடது கால்.

கொறடா இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு, வழி கேட்பவள்போல அவனை உரசிக்கொண்டு போனாள்.

“வலது கால்,” என்றாள் மெதுவாக.

நெவில் பேச்சை நிறுத்தவில்லை. இந்தப் பெண்மணி நாட்டையே விற்றுவிட்டாள் என்று அவளைக் கை காட்டிக் கத்திக்கொண்டே, நொண்டும் காலை மாற்றிக்கொண்டான்.