கரடியின் ஒரே அடி

வாத்தியங்களைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் வேடிக்கையான படப் புத்தகம் அது. ஒட்டகச்சிவிங்கி தன் கழுத்தையே வயலின் என்று நினைத்து வில்லால் இழுத்துக்கொண்டிருக்கும். யானையின் தும்பிக்கை பித்தளைக் குழலுக்குள் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுகந்தி வாயாலேயே சத்தம் கொடுப்பாள், மடியிலிருக்கும் மகள் ஆதிரை சிரிப்பாள். எல்லாப் பக்கத்திலும் ஓரமாக ஒரு கரடி, பெரிய வெண்கலத் தாளத் தட்டுகளைக் கைக்கொன்றாக விரித்துப் பிடித்தபடி நிற்கும். அதற்கு மொத்தமே ஒரு அடிதான். கடைசிப் பக்கத்தில்.

அன்று அடுப்பில் குக்கர் இருந்தது. சுகந்தி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள்.

"தாண்டாதம்மா. கரடி பக்கத்தை எண்ணிட்டு இருக்கு. எங்க அடிக்கிறதுன்னு தெரியாமப் போயிடும்."

"போகட்டும்டி" என்று சிரித்தபடி இன்னும் இரண்டைச் சேர்த்துப் புரட்டினாள்.

கடைசிப் பக்கத்தில் கரடி நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சுகந்தி பின்னோக்கிப் புரட்டினாள். எங்கும் கரடி இல்லை. ஒட்டகச்சிவிங்கி வில்லைக் கீழே போட்டிருந்தது. யானை தன் காதுகளை முகத்தோடு இறுக மூடியிருந்தது. எதுவும் வாசிக்கவில்லை. எல்லாம் தாளுக்கு வெளியே, அவள் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தன.

சமையலறையில் குக்கர் பாதி விசிலில் நின்றது.

"திரும்பாதம்மா" என்ற ஆதிரை, மடியில் எழுந்து நின்று, தன் சின்னக் கைகளால் அம்மாவின் காதுகளைப் பொத்தினாள்.