புளியமரத்து வளைவு

குமரப்பன் என்ற மஞ்சள் பஸ்ஸுக்குச் சாயங்காலம் என்றாலே புளியமரத்து வளைவுதான். செல்லாண்டி என்ற நீலப் பஸ் எதிர்த் திசையிலிருந்து அங்கேதான் வருவாள். முதல் நாள் இவன் ஹெட்லைட்டை முழுசாக எரியவிட்டு, அவளை வெறித்துப் பார்த்துக்கொண்டே போனான்.

"ஏனுங்க, கண்ணு கூசுதுங்க. கொஞ்சம் டிம் பண்ணுங்க" என்றாள் அவள்.

வெட்கத்தோடு டிம் பண்ணினான். அவளும் பண்ணினாள். குறுகலான ரோடு, உரசிவிடாமல் மெல்லத்தான் கடக்க வேண்டும். எல்லாம் அந்த மெதுவான கடப்பில்தான் நடந்தது. அப்புறம் தினமும் அதே வளைவு, அதே பார்வை. அதற்கு மேல் பேசத்தான் நேரம் வாய்க்கவில்லை.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. புளியமரத்தை வெட்டினார்கள். சாலை நடுவே நீளத்துக்கு அரளிச் செடி நட்டார்கள்.

"கொஞ்சம் விலகேன். அந்தப் பக்கம் ஒருத்தி வருவா" என்று கெஞ்சினான் குமரப்பன்.

"யாருக்கும் கண்ணு கூசக் கூடாதுன்னுதானே என்னை நட்டிருக்காங்க!" என்றது அரளி.

வருஷங்கள் ஓடின. இன்ஜின் ஓய்ந்து, குமரப்பன் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் முதல் வேலையாக ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டார்கள். இருட்டுக்குள் கிடந்தான். ஒருநாள் இன்னொரு பழைய வண்டியை இழுத்து வந்து, அவனுக்கு எதிரே மூக்கோடு மூக்கு இடிக்க நிறுத்தினார்கள். அதற்கும் ஹெட்லைட் இல்லை.

அந்த வண்டி மெல்லச் சொன்னது:

"ஏனுங்க, கண்ணு கூசுதுங்க."

"இருங்க, டிம் பண்ணிடறேன்" என்றான் குமரப்பன்.