காளை கழுத்தில் பள்ளிக்கூடக் கயிறு

"ஓய்! நில்லும்! அந்தக் காளையை நிறுத்தும்! அது கழுத்துல கெடக்கறது எங்க ஸ்கூல் கயிறாக்கும்!"

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிரில் மாஸ்டர் யக்ஞநாராயணன் கழுத்தில் விசில் ஆட, கக்கத்தில் பள்ளியின் ஸ்டாக் புத்தகத்தோடு, சாணியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். கல்பாத்தியிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மாட்டுச் சந்தைக்குள் கால் வைப்பது இதுவே முதல் தடவை.

காளையைப் பிடித்திருந்தவர் நின்றார். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால் வரை சேறு.

"ஏனுங்க, என்னையவா கூப்புட்டீங்க?"

"உம்மைத்தான்! பசங்க பிடிச்சு ஏறறதுக்கு சர்க்கார் அனுப்பிச்ச கயிறு அது. மைதானத்துல இரும்புச் சட்டத்துல தொங்கிண்டிருந்தது. இப்போ வந்து பாக்கறேன், சட்டம் மொட்டையா நிக்கறது! இதோ, புஸ்தகத்துலேயே எழுதியிருக்கு, பாரும்!"

கயிறு மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. காளையின் கழுத்தில் ஒரு சுற்றுப் போக, மீதி பதினைந்தடி சேற்றில் இழுபட்டுக் கிடந்தது. கல்பாத்தித் தேரை இழுக்கவே அது போதும்.

"காளைய வித்தவரு அவரு கயித்த அவுத்துட்டுப் போயிட்டாருங்க. மாட்டோட கயித்தையும் குடுத்தா ஊட்டு லச்சுமியே கூடப் போயிருமுன்னு யாரும் குடுக்க மாட்டாங்க. வாங்கறவன்தான் கயிறு கொண்டாரோணும். நான் வேற வேலையா இந்தப் பக்கம் வந்தவன். காளையப் பாத்ததும் ஆசைப்பட்டு வாங்கிப்போட்டனுங்க. பக்கத்துல உங்க பள்ளிக்கூடம். பியூன்கிட்டக் கேட்டேன், மறுபேச்சில்லாம அவுத்துக் குடுத்துட்டாருங்க."

"யாரு, குப்பண்ணனா? எனக்கு ஒரு டம்ளர் ஜலம் கொண்டு வரதுக்கே ஒம்போது தரம் கூப்பிடணும் அவனை! இருக்கட்டும், அவனை அப்புறம் பாத்துக்கறேன். கயித்தை அவுறும்."

"நாளைக்குக் குடுத்து உட்டுடறனுங்களே."

"நாளைக்கா! மத்தியானம் புதுக் கல்வி அதிகாரி, ஏ.இ.ஓ., ஸ்கூலைப் பரிசோதிக்க வரார் ஓய்! கயிறு எங்கேன்னு கேட்டா, காளை கட்டிண்டு போயிடுத்துன்னு சொல்றதா? என் வேலை இன்னும் உறுதியாகலை. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். சர்க்கார் வேலைன்னுதான் பொண்ணையே குடுக்கறா. அந்த மனுஷன் ஒரு வரி எழுதினார்னா வேலையும் போச்சு, பொண்ணும் போச்சு!"

"அத்தன பொல்லாதவருங்களா அவுரு?"

"கேக்கணுமா! போன ஸ்கூல்ல பெஞ்சுல இருந்த ஆணியைக்கூட எண்ணினாராம். மூஞ்சியைப் பாத்தாலே பால் திரிஞ்சு போயிடுமாம்!"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை. இன்னிக்கு மத்தியானம்தான் பாக்கப் போறேன்."

காளைக்காரர் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், இதுல தெனமும் புள்ளைங்க ஏறுதுங்களா?"

"ஏறும்... ஏறாம என்ன?"

"ஒரு கை பட்ட மாதிரியே தெரியலீங்களே. மொடமொடன்னு கெடக்குது. காளையே கழுத்த நெளிக்குது பாருங்க."

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பாவம், மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

"உம்மகிட்ட சொல்றதுக்கு என்ன? ஏறுங்கோடான்னா, 'சார், நீங்க மொதல்ல ஏறிக் காட்டுங்க'ங்கறான்கள். எனக்கு ரெண்டடி மேலே போனா தலை சுத்தும் ஓய்! அதனால ஒருத்தனும் கயித்தைத் தொடப்படாதுன்னு சொல்லிட்டேன். அது பாட்டுக்குத் தொங்கட்டும், ஏ.இ.ஓ. பாத்துட்டுப் போகட்டும், என் கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்னு இருந்தேன். நீர் வந்து கெடுத்தீர்!"

காளைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காளை மிரண்டு ஓர் இழுப்பு இழுத்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் நாலு எட்டு ஓடி, குதிகாலை ஊன்றி நின்றார்.

"இப்ப அவுத்தா இது கோயமுத்தூர் போய்த்தான் நிக்குமுங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

மாஸ்டர் யோசித்தார். இந்த முரட்டுக் காளையிடமிருந்து கயிற்றை அவிழ்க்க அவருக்கும் தைரியம் இல்லை.

"சரி, கயித்தை நீர்தான் கொண்டு போறீர்னு இந்தப் புஸ்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போடும். ஏ.இ.ஓ. கேட்டா அதையாவது காட்டறேன். எழுதத் தெரியுமோன்னோ?"

"ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க."

அவர் மடியிலிருந்து பேனாவை எடுத்து, காளையின் முதுகிலேயே புத்தகத்தை வைத்து எழுதினார். மூடிக் கொடுத்துவிட்டு, காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாடா என்று புத்தகத்தைப் பிரித்தார் மாஸ்டர்.

'கயிற்றைப் பரிசோதித்தேன், காளை இழுத்தும் அறுந்துபோகவில்லை. நாளைக் காலையில் திருப்பி அனுப்புகிறேன். மாஸ்டரை அடுத்த சந்தையன்று வந்து பரிசோதிப்பேன். அதற்குள் உச்சிவரை ஏறிப் பழகவும். கல்யாணப் பத்திரிகையை அப்போது வாங்கிக்கொள்கிறேன் — அப்புசாமி, ஏ.இ.ஓ., 12-9-74.'